சந்திரபாபுவின் ரிக்கார்டுகள்: கேட்க, பார்க்க, தேட ஒரு முழுமையான வழிகாட்டி

ஐம்பது, அறுபதுகளின் தமிழ் சினிமாவில் சிரிக்கவைத்து, ஆடி, சொந்தக் குரலில் பாடிய நடிகர் ஜே.பி. சந்திரபாபு பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் பாடத்தான் தொடங்குவார். இரண்டு வரி தாண்டாது. பாட்டை நிறுத்திவிட்டு, "பாவம்யா, எப்படி இருந்த மனுஷன்" என்பார். அப்புறம் பேச்செல்லாம் அவர் கஷ்டத்தைப் பற்றித்தான்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் குரல், அடுத்து பிரதி, அப்புறம் இசைத்தட்டு, அதற்கும் அப்புறம் திரை. வாழ்க்கைக் கதை கடைசியில்தான் வரும். காரணம் எளிது. கதையை முதலில் கேட்டவருக்கு எந்தப் பாட்டும் ஒப்பாரியாகவே கேட்கும். நான் அப்படித்தான் பல வருஷம் கேட்டேன். அவர் குரலை வைத்து என்ன வித்தை செய்தார் என்பது காதில் விழவே இல்லை.

தமிழ் சினிமாவில் சிரிப்புப் பாட்டு அவரோடு தொடங்கவில்லை. அவருக்கு முன்னால் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இருந்தார், டி.ஏ. மதுரம் இருந்தார், நாடக மேடைக் காமிக் பாட்டுகள் இருந்தன. ஆனால் அவர்களுடைய பாட்டு பெரும்பாலும் பேச்சின் நீட்சி. கருத்துதான் முன்னால் நிற்கும். சந்திரபாபுவிடம் சத்தமே வேடிக்கை. அதனால்தான் ரிக்கார்டிலிருந்து அவரை அணுகச் சொல்கிறேன்.

முதல் படி: எட்டுப் பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். கீழே உள்ள எட்டும் போதும். வருஷ வரிசையில் போட்டிருக்கிறேன், அதே வரிசையில் கேளுங்கள்.

உனக்காக எல்லாம் உனக்காக (புதையல், 1957)
பம்பரக் கண்ணாலே (மணமகன் தேவை, 1957)
குங்குமப் பூவே கொஞ்சு புறாவே (மரகதம், 1959)
நான் ஒரு முட்டாளுங்க (சகோதரி, 1959)
பிறக்கும்போதும் அழுகின்றாய் (கவலை இல்லாத மனிதன், 1960)
ஒண்ணுமே புரியலே உலகத்திலே (குமார ராஜா, 1961)
புத்தியுள்ள மனிதரெல்லாம் (அன்னை, 1962)
சிரிப்பு வருது சிரிப்பு வருது (ஆண்டவன் கட்டளை, 1964)

ஏழே வருஷத்துக்குள் இத்தனையும். வேறு வேறு இசையமைப்பாளர்கள்: விஸ்வநாதன்–ராமமூர்த்தி, ஜி. ராமநாதன், எஸ்.எம். சுப்பையா நாயுடு, ஆர். சுதர்சனம், டி.ஆர். பாப்பா. ஆளாளுக்கு இசை மாறினாலும் பாடுகிறவர் யார் என்பதில் ஒரு நொடி கூடச் சந்தேகம் வராது. அது எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் படியின் வேலை.

படம் ஓடாமல் கேளுங்கள். யூடியூபில் கேட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அவர் ஆடுவது கண்ணில் பட்டால் காது வேலை செய்யாது.

எதைக் கவனிப்பது? முதலில், குரல் உடையும் இடம். யோடலிங் என்று சொல்கிறோமே, அது. நெஞ்சுக் குரலில் பாடிக்கொண்டிருப்பவர் திடீரென்று கள்ளக் குரலுக்குத் தாவுவது. உடனே திரும்பிக் கீழே குதிப்பது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நீங்களே செய்து பாருங்கள். தாழ்ந்த சுருதியில் "ஓ" என்று தொடங்கி மேலே போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் தொண்டை தன்னால் 'டக்'கென்று மாறும். நம் பாடகர்கள் அந்த இடத்தை மறைக்கத்தான் வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். நம் காதும் கமகத்துக்குப் பழகியது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போனால்தான் நமக்கு இனிமை. யோடல் வழுக்காது, தாவும். மறைக்க வேண்டிய மூட்டையே மேடையில் அவிழ்த்துக் காட்டுகிற மாதிரி. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த பையன் நம் பாட்டு வழிக்கு வெளியே இருந்து எடுத்துவந்த சரக்கு இது.

இரண்டாவது, சொல்லின் வால். "நான் ஒரு முட்டாளுங்க" என்ற முதல் அடியில் அந்த 'ங்க'வை எப்படி விடுகிறார் என்று மட்டும் பத்துத் தடவை கேளுங்கள். தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொள்கிறவன் மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறான். அந்த 'ங்க' இல்லாவிட்டால் பாட்டில் வேடிக்கையும் இல்லை, வலியும் இல்லை. எழுதியவர் கண்ணதாசன். ஆனால் ஏட்டில் இருக்கும் 'ங்க' வேறு, தட்டில் கேட்கும் 'ங்க' வேறு.

மூன்றாவது, சிரிப்பு. 'சிரிப்பு வருது' பாட்டில் கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். சிரிப்பு தாளத்துக்குள் விழுகிறதா, வெளியே வழிகிறதா? பாட்டின் நடுவில் சிரிக்க எவராலும் முடியும். சுருதி விடாமல், கணக்கு விடாமல் சிரிப்பதுதான் கஷ்டம். அவருக்குச் சிரிப்பும் ஒரு ஸ்வரம்தான்.

எட்டில் இரண்டு பாட்டு வேடிக்கைப் பாட்டே இல்லை. 'பிறக்கும்போதும் அழுகின்றாய்', 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' இரண்டும் மெதுவான பாட்டுகள், தாவலும் குட்டிக்கரணமும் கிடையாது. இவற்றை ஏன் சேர்த்தேன் என்றால், ஆள் வித்தை காட்டாமல் நிற்கும்போது எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால்தான் வித்தை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடும்.

ஒரு வாரம் இந்த எட்டோடு இருங்கள். அவசரமில்லை.

இரண்டாம் படி: முகம் ஒன்று, குரல் ஒன்று

பழைய சினிமாப் பாட்டைத் தேடுகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். திரையில் சந்திரபாபு வாயசைத்தால் அது அவர் பாடிய பாட்டு என்று எழுதிவிடுவார்கள். இணையத்தில் பாதி பட்டியல்கள் இப்படித்தான் உண்டானவை.

இரண்டு உதாரணம் போதும். சபாஷ் மீனா (1958) படத்தில் 'காணா இன்பம் கனிந்ததேனோ' பாட்டு திரையில் சந்திரபாபுவுக்கும் சரோஜாதேவிக்கும். குரல் டி.ஏ. மோதியும் பி. சுசீலாவும். இசை டி.ஜி. லிங்கப்பா. சொந்தக் குரலில் பாடக்கூடிய ஒரு நடிகருக்கு, அவர் இரட்டை வேடத்தில் நடித்த படத்திலேயே, இன்னொருவர் பின்னணி பாடியிருக்கிறார்! காதலன் உருகிப் பாடுகிற மெட்டுக்கு வழுக்குகிற குரல் வேண்டியிருந்தது என்பது என் ஊகம். பாட்டைக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

இதற்கு நேர் எதிராக, பெண் (1954) படத்தில் 'கல்யாணம்' என்று தொடங்கும் கலகலப்பான பாட்டு. குரல் சந்திரபாபு. திரையில் வாயசைப்பவர் எஸ். பாலசந்தர், ஆமாம், பிற்காலத்தில் வீணைக்காரராக அறியப்பட்ட அதே பாலசந்தர்தான். இந்தப் பாட்டை எட்டோடு ஒன்பதாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். தன் உடம்பு இல்லாமல் தன் குரல் மட்டும் இன்னொருவர் முகத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாட்டு இல்லை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கணினி அட்டவணையாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் யார், திரையில் யார் என்று இரண்டு தனிக் கட்டம் கட்டாயம் இருக்கட்டும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

பாட்டு: காணா இன்பம் கனிந்ததேனோ. படம்: சபாஷ் மீனா, 1958. குரல்: மோதி, சுசீலா. திரையில்: சந்திரபாபு, சரோஜாதேவி. எதிலிருந்து எழுதியது: ரிக்கார்டு லேபிள் / பாட்டுப் புத்தகம் / டைட்டில் / காதால் கேட்டது. சந்தேகம்:

அந்தக் கடைசி இரண்டு கட்டங்கள்தான் முக்கியம். எங்கிருந்து எழுதினோம் என்று குறிக்காமல் விட்டால், ஆறு மாதம் கழித்து நம் நோட்டையே நம்ப முடியாது.

பாட்டுப் புத்தகம் என்றது, அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற மெல்லிய புத்தகம். கதைச் சுருக்கம் பாதி வரை வந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். அதற்கு அப்புறம் பாட்டு வரிகள். தேடுகிறவர்களுக்கு இது பொக்கிஷம். ஆனால் பாடியவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்காது. ரிக்கார்டிலும் படத்திலும் இல்லாத சரணம் சில சமயம் புத்தகத்தில் மட்டும் இருக்கும். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களையும் கிராமபோன் தட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் எந்தப் படம், எந்த வருஷம் என்று எழுதிக்கொண்டு போங்கள். "சந்திரபாபு பத்தி ஏதாவது இருக்கா?" என்று போய் நின்றால் நேரம்தான் போகும்.

மூன்றாம் படி: நாம் கேட்பது எந்தப் பிரதி?

ஒரே பாட்டு மூன்று நான்கு உருவங்களில் உலவுகிறது. ரிக்கார்டுக்காக வந்தது ஒன்று, படத்தில் இருப்பது ஒன்று, பிறகு கேசட்டுக்கும் சிடிக்கும் மாற்றியது ஒன்று, யாரோ 'சுத்தம்' செய்து ஏற்றியது ஒன்று.

78 என்பது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய கிராமபோன் தட்டு. பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். பாட்டு அதற்குமேல் போனால் ஒரு சரணம் வெட்டுப்படும், அல்லது பாகம் 1, பாகம் 2 என்று இரண்டு பக்கமாகப் பிரியும். படத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நடுவில் வசனம் வரும், ஆட்டத்துக்காக வாத்தியம் நீளும். ஆகவே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதிக்கும் இருபது நொடி வித்தியாசம் வந்தால் ஏதோ வெட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டுப் பத்து நொடி மட்டும் குறைந்து, பாட்டில் ஒரு சொல்லும் குறையவில்லை என்றால்? அது வேகக் கோளாறு. சினிமா நொடிக்கு 24 பிரேம். தொலைக்காட்சிக்கும் பழைய டிவிடிக்கும் மாற்றும்போது அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு வேகம் கூடும். 3 நிமிஷம் 20 நொடிப் பாட்டு 3 நிமிஷம் 12 நொடியில் முடியும். சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். மற்ற பாடகர்களிடம் இது பெரிதாகத் தெரியாது. சந்திரபாபுவிடம் தெரியும். ஏற்கெனவே உச்சிக்குத் தாவுகிற குரல், வேகம் கூடினால் பொம்மைக் குரல் ஆகிவிடும். "என்னப்பா கீச்சுக் குரல்" என்று சிலர் சொல்வது அவரைக் கேட்டுவிட்டு அல்ல, கோளாறான பிரதியைக் கேட்டுவிட்டு. போனில் இருக்கும் சுருதிச் செயலியை இரண்டு பிரதிக்கும் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரைச்சலை நீக்கிய பிரதிகளையும் நம்பாதீர்கள். தட்டின் 'ஸ்ஸ்' ஓசையை அழிக்கும்போது சகரமும் அழியும். குரல் உடையும் அந்த 'டக்' மழுங்கிவிடும். யோடலில் உயிரே அந்த இடம்தான். கொஞ்சம் பொரிகிற சத்தத்தோடு இருக்கும் பிரதியே மேல். பின்னால் புது டிரம்ஸ் சேர்த்து வருகிற வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான்காம் படி: தட்டைத் தேடுவது

சரி, இவ்வளவும் கேட்ட பிறகு கையில் ஒரு அசல் தட்டு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். தோன்றாவிட்டால் நிம்மதி, அடுத்த இரண்டு படிகளைத் தாண்டிவிடுங்கள்.

அவருடைய பாட்டுகள் வந்த காலம் 78 தட்டு விடைபெறும் காலம். 78 ஒடியக்கூடிய அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. பின்னால் வந்தது ஏழு அங்குல இ.பி.; வினைல், ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு பிடிக்கும். எல்.பி. பன்னிரண்டு அங்குலம், பழைய பாட்டுகளைத் தொகுத்து நினைவுத் தொகுப்பு மாதிரி வந்தவை இதில் நிறைய. தொகுப்பில் அச்சடித்த வருஷம் தொகுப்பின் வருஷமே தவிரப் பாட்டின் வருஷம் அல்ல. இந்தக் குழப்பத்தில் 1957 பாட்டை எழுபதுகளில் கொண்டு போய் வைத்தவர்கள் உண்டு.

ஒரு காலத்தில் சென்னையில் பழைய ரிக்கார்டு என்றால் மூர் மார்க்கெட். 1985-இல் அது எரிந்து போனது. இப்போது பழைய புத்தகக் கடைகள், பழைய சாமான் கடைகள், இணைய ஏலம், அப்புறம் சொந்தக்காரர் வீட்டுப் பரண். கடைசியாகச் சொன்னதுதான் என் அனுபவத்தில் நல்ல இடம். "உங்க வீட்ல பழைய பிளேட்டு ஏதாவது இருக்கா பெரியப்பா?" என்று ஒரு கல்யாணத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு பளபளவென்று இருந்தால் நல்லது. முள் ஓடும் பள்ளமான வரிகள் சாம்பல் பூத்தமாதிரி இருந்தால் இரும்பு முள் போட்டுத் தேய்த்தது. அதைத் துடைத்தாலும் வராது, அழுக்கு இல்லை, தேய்மானம்.

78 ஆக இருந்தால் நடுவில் ஒரு விரலில் தாங்கி ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே கணக்கு. நல்ல தட்டு கணீரென்னும். விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலைக் காது காட்டிக்கொடுத்துவிடும்.

லேபிளில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், பட்டியல் எண் இருக்கும். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவில் வெறுமையாக இருக்கும் வளையத்தில் சிறு எழுத்தில் இன்னொரு எண் பொறித்திருப்பார்கள். அது மேட்ரிக்ஸ் எண், அந்தப் பதிவுக்கே உரிய எண். பட்டியல் எண் மறுவெளியீட்டில் மாறும். மேட்ரிக்ஸ் எண் ஒன்றாக இருந்தால் இரண்டு தட்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவரிடம் படம் அனுப்பச் சொன்னால் லேபிளோடு இந்த வளையத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், மறுபக்கம். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். அங்கே யார் பாடியிருக்கிறார் என்பதைக் கடைசியில் பேசுவோம்.

ஐந்தாம் படி: முள், வேகம், துடைப்பு

78 தட்டின் வரி அகலம். எல்.பி.யின் வரி நுண்ணியது. எல்.பி. முள்ளின் நுனி சுமார் 0.0007 அங்குலம், 78-க்கு வேண்டியது சுமார் 0.003 அங்குலம். எல்.பி. முள்ளை 78 தட்டில் வைத்தால் அது வரியின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டுகொண்டு போகும். சத்தம் வரும், ஆனால் இரைச்சல்தான் அதிகம். ஆகவே 78 வேகம் உள்ள பிளேயர் மட்டும் போதாது, 78-க்கான முள்ளும் வேண்டும். சந்தையில் சூட்கேஸ் மாதிரி வருகிற மலிவு பிளேயர்களில் 33, 45, 78 என்று வேகம் மூன்றும் இருக்கும், முள் ஒன்றுதான் இருக்கும். கவனம்.

தாத்தா காலத்துச் சாவி கிராமபோனில் போடலாமா? ஒரு தடவை ஆசைக்குப் போடலாம். அந்த இரும்பு முள் வரிக்கு ஏற்பத் தானே தேய்ந்து பொருந்துவதற்காகச் செய்தது, ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது கணக்கு. மிச்சம் பிடிக்க அதே முள்ளை நாலு தடவை போட்டால், தேய்ந்து உளியாகிப்போன முள் பாட்டையே செதுக்கி எடுத்துவிடும். உங்கள் கையில் இருப்பது ஒரே பிரதி என்றால் வேண்டாம்.

78 தட்டு மோனோ. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். முள் மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் நிறைய அடங்கிவிடும். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

இப்போது என் பாவ மன்னிப்பு. முதல்முதலாகக் கையில் கிடைத்த 78-ஐ எப்படித் துடைப்பது என்று தெரியாமல், டேப் ரிக்கார்டர் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பஞ்சு கறுப்பானது. ஆஹா, எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னொரு சுற்று. மறுபடியும் கறுப்பு. மூன்றாவது பஞ்சில்தான் உறைத்தது, வருவது அழுக்கல்ல, தட்டே கரைந்து வருகிறது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது. ஓட்டினால் மழை பெய்யும்.

ஆகவே: காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு மென்மையான பாத்திர சோப்புத் திரவம், மெல்லிய தூரிகை. வரியின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே அல்ல. லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் காய்ச்சி வடித்த நீரால் மறுபடி ஒரு முறை அலசி, நிழலில் நிறுத்தி உலர விடுங்கள். வினைல் தட்டுக்கும் இதுவே போதும்.

வைக்கும்போது புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளையும் அல்லது உடையும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு பிளாஸ்டிக் உறை ஆகாது, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். காகித உறை நல்லது. பரணில் வெயில் நேராகக் காயும் ஓட்டுக்கு அடியில் வைக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: கணினியில் ஏற்றுவதும் உரிமையும்

ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள் போதும். பதிவுத் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்; கோப்பு வடிவம் ஒலியைக் குறைக்காத வேவ் அல்லது ஃபிளாக். முதலில் எடுத்த பதிவில் எந்தச் சுத்தமும் செய்யாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துவிடுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். இரைச்சல் நீக்கும் நுட்பம் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. மூலம் கெடாமல் இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கோப்பின் பெயரிலேயே படம், வருஷம், மேட்ரிக்ஸ் எண் இருக்கட்டும்.

ஏற்றியதை உலகத்துக்குப் பகிரலாமா? இதில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம். 1959-இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2019 முடிவோடு தீர்ந்தது. 1964-இல் வெளியானது 2024 முடிவோடு. அப்படியானால் மேலே சொன்ன எட்டும் விடுதலையா? ஒலிப்பதிவு மட்டும்தான். பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு, அது ஆசிரியர் இறந்த பிறகு 60 வருஷம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தது 1959-இல். தமிழ்நாடு அரசு அவர் பாடல்களை நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. 'உனக்காக எல்லாம்' அவர் எழுதியது, ஆக வரியில் சிக்கல் இல்லை. ஆனால் அதே பாட்டின் மெட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தியுடையது, எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015-இல். கண்ணதாசன் 1981. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே தட்டுக்குள் மூன்று கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் கேட்க, நோட்டெடுக்க, ஆராயக் கவலை வேண்டாம். பொதுவில் ஏற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

ஏழாம் படி: இப்போது திரை

இத்தனை நாள் காதால் கேட்டதை இனிப் பார்க்கலாம். முதல் ஓட்டத்தில் ஒலியை நிறுத்திவிட்டு, கால்களை மட்டும் பாருங்கள். பாட்டை மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஒலி இல்லாமலே எந்த இடம் என்று தெரியும். காலில் தாளம் எங்கே விழுகிறது, யோடல் வரும் இடத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சில இடங்களில் குரல் தாவும்போது உடம்பு சும்மா நிற்கும், சில இடங்களில் குரல் சும்மா இருக்கும்போது கால் தாவும். இரண்டையும் ஒரே நேரத்தில் செலவழிக்காத சிக்கனம் பெரிய நடிகனுக்குத்தான் வரும்.

இரண்டாவது ஓட்டத்தில் வெட்டுகளை எண்ணுங்கள். அவர் ஆடும் இடங்களில் கேமரா எவ்வளவு நேரம் தலை முதல் கால் வரை முழுசாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று கடிகாரம் பிடித்துப் பாருங்கள். வெட்டில்லாமல் ஓடும் ஒவ்வொரு நொடியும் அந்த மனிதர் நேரில் செய்து காட்டியது.

மூன்றாவதாக முழுப் படத்தையும் பாருங்கள். பாட்டை மட்டும் பிய்த்துப் பார்ப்பது போதாது. சகோதரி படத்தில் அவருடைய பால்காரர் பகுதி, படம் ஏறக்குறைய முடிந்த பிறகு, சுவை போதவில்லை என்று ஏவி.எம். சேர்த்தது. அது தெரிந்தபின் பார்த்தால் 'நான் ஒரு முட்டாளுங்க' ஏன் கதையோடு ஒட்டாமல் தனி மேடை போட்டு நிற்கிறது என்று புரியும். சபாஷ் மீனாவில் ரிக்‌ஷாக்காரராக அவர் பேசும் மெட்ராஸ் பாஷையையும் கேளுங்கள். பாட்டில் சொல்லின் வாலை அவர் பிடிக்கிற பிடி அந்தப் பேச்சிலிருந்துதான் வருகிறது. நான் அதைப் பாட்டிலேயே தேடிக்கொண்டிருந்தேன், இருந்தது வசனத்தில்.

நேரடி மேடை நிகழ்ச்சிகளைப் பற்றி நிறையக் கதைகள் உலவும். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னால் பாடிவிட்டு, உற்சாகத்தில் அவர் மடியிலேயே உட்கார்ந்து, முகவாயைத் தொட்டு "நீ ரசிகன்" என்றாராம். ஆளாளுக்கு வசனம் மாறும் கதை இது. நோட்டில் இதற்கெல்லாம் 'கேள்விப்பட்டது' என்று தனிப் பக்கம் வையுங்கள். யார் சொன்னார்கள், எங்கே படித்தீர்கள் என்று எழுதுங்கள். பாட்டுப் பட்டியலோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக வாழ்க்கை

இப்போது படிக்கலாம். 1927-இல் தூத்துக்குடியில் பிறப்பு. சிறுவயது கொழும்பில். 1947-இல் தன அமராவதி படத்தில் சின்னதாக ஒரு நுழைவு. வாய்ப்புக்காக அலைந்து, 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் விஷம் குடித்துப் பிழைத்தது. பிறகு உச்சம். 1966-இல் தட்டுங்கள் திறக்கப்படும் படத்தை அவரே இயக்கினார். 1974 மார்ச் 8-இல் மறைவு, வயது 46.

இந்தத் தேதிகளை நோட்டில் இருக்கும் பாட்டுகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எட்டுப் பாட்டும் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் இருப்பது கண்ணில் படும். 'பிறக்கும்போதும் அழுகின்றாய்' பாடும்போது அவர் நொந்துபோன ஆள் அல்ல, வாய்ப்புகள் வரிசை கட்டி நின்ற நட்சத்திரம். அந்தச் சோகம் அவருக்கு நேர்ந்தது இல்லை, அவர் பாடிக் காட்டியது. அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை மறுபடி கேளுங்கள்.

இனி அந்த மறுபக்கம். தட்டைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வேறு ஒருவர் பாடியிருப்பார். என்னிடம் கேட்டால் அடுத்த நோட்டை ஜமுனா ராணிக்கு வாங்குங்கள் என்பேன். 'குங்குமப் பூவே' பாட்டை அவருடைய பங்கை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை கேளுங்கள். சந்திரபாபு குதிக்கிற குதியெல்லாம் குதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சுருதியைக் கீழே நழுவவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பெண் குரல்தான்.